கனடாவின் கரையோரக் காட்டில் மரம் வெட்டி இழுக்கும் வேலைக்குப் போகிறீர்களா? முதல் நாளுக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சொற்களும் காகிதங்களும்

வான்கூவர் தீவின் வடபகுதியில், மரம் இழுக்கும் குழுவில் நான் சேர்ந்த மூன்றாம் நாள். செங்குத்தான சரிவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கீழே ஓர் எஃகு வடம் அடிக்கட்டை ஒன்றில் சிக்கி, வளைந்து, விறைத்துக் கிடந்தது. மேலே இருந்தவர் ‘கெட் அவுட் ஆஃப் த பைட்’ என்று கத்தினார். எனக்குத் தெரிந்த ‘பைட்’ கடிதான். பாம்போ குளவியோ என்று காலடியைப் பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் தோள்வாரைப் பற்றி இழுத்தது. வடம் கட்டையிலிருந்து விடுபட்டு, நான் நின்ற இடத்தை வீசி அறுத்துக்கொண்டு போனது.

அவர் சொன்னது வேறு சொல். ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு: பி, ஐ, ஜி, ஹெச், டி. இழுவிசையில் இருக்கும் வடம் வளைந்து நிற்கும்போது, அந்த வளைவின் உள்பக்கம் இருக்கும் இடத்துக்குப் பெயர் அது. வடம் விடுபட்டால் அந்த இடத்தின் வழியாகத்தான் பாயும். அங்கே நிற்பவர் பிழைப்பது அரிது.

எனக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கில வழிப் படிப்பு. மொழித் தேர்விலும் நல்ல மதிப்பெண். அந்த ஆங்கிலம் அந்தச் சரிவில் உதவவில்லை. வான்கூவர் தீவு இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கரையோர மரவேலைக்கு என்றே ஒரு வட்டாரப் பேச்சு இருக்கிறது. அதில் பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் பொருள் வேறு. தெரியாத சொல்லைவிட இப்படிப் பொருள் மாறிய சொல்தான் ஆபத்து. தெரியாத சொல் என்றால் கேட்போம். தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டால் தலையாட்டிவிடுவோம்.

இதே வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக, நான் பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எந்தப் பகுதி, எந்த மாதம் என்று முதலில் பாருங்கள்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரவேலை இரண்டு உலகம். ‘கோஸ்ட்’ என்பது வான்கூவர் தீவு, ஹைடா க்வாய், கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்திருக்கும் கரைப்பகுதிகள். சரிவு அதிகம், மழை அதிகம். வெட்டிய மரத்தை எஃகு வடத்தால் இழுப்பார்கள். ‘இன்டீரியர்’ என்பது பிரின்ஸ் ஜார்ஜ், காம்லூப்ஸ் போன்ற உள்நாட்டுப் பகுதி. அங்கே பெரும்பாலும் இயந்திரமே வெட்டி இயந்திரமே இழுக்கும். இந்தக் கட்டுரை கோஸ்ட் பற்றியது.

வேலை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்காது. கோஸ்டில் குளிர்காலத்தில் உயரமான இடங்கள் பனியால் மூடிக்கொள்ளும்; கோடையில் தீ அபாயம் ஏறினால் அதிகாலை வேலையாக மாற்றுவார்கள், அதுவும் முடியாதபோது நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் பெயர் ‘ஷட்டவுன்’. இன்டீரியரில் தரை உறைந்திருக்கும் குளிர்காலம்தான் உச்சம். பனி உருகி மண்சாலை சேறாகும் வசந்த காலத்தில் வேலை நின்றுவிடும். அதன் பெயர் ‘ப்ரேக்அப்’. ஒரு நிறுவனத்தில் ‘ஆஃப்டர் ப்ரேக்அப் கூப்பிடு’ என்றார்கள். யாருடைய மணமுறிவோ என்று குழம்பி, கேட்கத் தயங்கி, ஒரு மாதத்தை வீணாக்கினேன். கோஸ்டில் வேலை தேடுகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பனி விலகிக் குழுக்கள் மறுபடி சேரும் நேரம் அது.

விளம்பரத்தில் ‘டென் அண்ட் ஃபோர்’ என்று இருந்தால் பத்து நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு. ‘கேம்ப்’ என்றால் காட்டிலேயே தங்க வேண்டும். சில இடங்களுக்குப் படகிலோ மிதவை விமானத்திலோதான் போக முடியும். புதியவர்களுக்கான வேலை ‘சோக்கர்மேன்’ அல்லது ‘சோக்கர்செட்டர்’, வெட்டிய மரத்தை வடத்தில் கட்டுகிறவர். ‘ஃபாலர்’ என்று இருந்தால் விண்ணப்பிக்காதீர்கள். அது மரம் வெட்டுகிறவர். அதற்குத் தனிச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம், மாதக்கணக்கில் பயிற்சி, பெரும் பணம். சில ஆண்டுகள் கழித்து யோசிக்க வேண்டியது அது.

2. காகிதங்கள்

வேலை செய்யும் உரிமை உள்ள விசாவும், சமூகக் காப்பீட்டு எண்ணும் முதலில். எண்ணுக்குக் கட்டணம் இல்லை. ‘சர்வீஸ் கனடா’ என்னும் அரசுச் சேவை அலுவலகத்துக்கு நேரில் போனால் பெரும்பாலும் அன்றே கிடைக்கும். தற்காலிக விசாவில் இருப்பவர்களின் எண் 9-இல் தொடங்கும். விசா முடியும் நாளில் எண்ணும் காலாவதியாகும் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமம் இல்லாமல் இந்த வேலை கிடைப்பது கடினம். குடியேறிய 90 நாளுக்குள் உரிமத்தை மாற்ற வேண்டும். இந்திய, இலங்கை உரிமங்களை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் உண்டு. கட்டணம் பெரிதில்லை. காத்திருப்புதான் பெரிது, எனக்குச் சாலைத் தேர்வுத் தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. ஆகவே வந்த வாரமே தேதி பதிவு செய்யுங்கள். ஊரில் வண்டி ஓட்டிய அனுபவத்துக்கு அத்தாட்சியாகப் பழைய உரிமத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.

முதலுதவிச் சான்று: ஒரு நாள் வகுப்பு, சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். 2024 நவம்பர் 1 முதல் பெயர்கள் மாறிவிட்டன. பழைய ‘லெவல் ஒன்’ இப்போது ‘பேசிக்’. பழைய ஆட்கள் இன்னும் ‘லெவல் ஒன் இருக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று சொல்லுங்கள். அப்புறம், காட்டுத்தீயை முதலில் அடக்குவதற்கான ‘எஸ்-ஹண்ட்ரட்’ பயிற்சி. கோடையில் வேலைக்கு எடுப்பவர்கள் இதைக் கேட்பார்கள். ஆண்டுதோறும் ஒரு சிறு மறுபயிற்சி உண்டு.

ஒரு பெரிய பொறி. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் அதற்காகப் பணம் வாங்குவது பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டவிரோதம். வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சேர்க்கும் முகவர்கள் மாகாண உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

3. காலணி, உடை, செலவு

தொலைபேசியில் ‘கார்க் பூட்ஸ் வாங்கிட்டு வா’ என்றார்கள். தக்கை என்று நினைத்து நனைமோவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எழுதும்போது சி, ஏ, யூ, எல், கே; சொல்லும்போது ‘கார்க்’. அடியில் ஆணிகள் பதித்த காலணி. ஈரமான தடியின், அதாவது வெட்டிக் கிடக்கும் அடிமரத்தின், மேல் நடக்க வேறு எதுவும் உதவாது. தோலில் வாங்கினால் 500 டாலருக்கு மேல் போகும், ரப்பரில் அதைவிடக் குறைவு. முதல் ஆண்டுக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து. கரையோர மழையில் தோல் காய்வதே இல்லை. ஆணி தேய்ந்தால் திருகிக் கழற்றி மாற்றலாம், அதற்கான சாவியையும் சேர்த்து வாங்குங்கள். கடை வாசலிலும் விடுதி வாசலிலும் ‘நோ கார்க்ஸ்’ என்று பலகை இருக்கும், தரையைக் குத்திவிடும் என்பதற்காக.

காலணி, தலைக்கவசம், சாதாரணக் கையுறை, மழையுடை இவை தொழிலாளி வாங்க வேண்டியவை என்று மாகாணப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. மற்றப் பாதுகாப்புக் கருவிகளை நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். இந்தப் பிரிவினை தெரியாததால், நிறுவனம் தர வேண்டிய ஒன்றிரண்டையும் நானே வாங்கிவிட்டேன். ‘ஸ்டான்ஃபீல்ட்ஸ்’ வாங்கு என்பார்கள். அது ஒரு பிராண்டின் பெயர். இங்கே சாம்பல் நிறக் கம்பளி மேல்சட்டைக்கே பெயராகிவிட்டது. நனைந்தாலும் சூடு தரும். பருத்திச் சட்டை நனைந்தால் உடல் விறைத்துவிடும், வேண்டாம். பெல்ட்டுக்குப் பதில் தோள்வார். என் உயிரைக் காப்பாற்றியது அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வகுப்புகள், உரிமம், உடை எல்லாம் சேர்த்து முதல் சம்பளத்துக்கு முன் எனக்கு ஆனது ஏறத்தாழ 1,400 டாலர். அறை வாடகையும் சாப்பாடும் தனி. இந்தத் தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

4. யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அதிகாலை நாலரைக்கு ‘க்ரம்மி’ வரும். அகராதியில் மட்டமான என்று பொருள் போட்டிருக்கும். இங்கே அது குழுவை ஏற்றிச் செல்லும் வண்டி. அதைத் தவறவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

உங்களுக்கு நேர் மேலே இருப்பவர் ‘ரிக்கிங் ஸ்லிங்கர்’. எந்தத் தடியைக் கட்டுவது என்று சொல்பவர், வடத்தை ஓடவும் நிற்கவும் சைகை கொடுப்பவர் அவர். அவருக்கு மேலே ‘ஹூக்டெண்டர்’, குழுத் தலைவர். காட்டில் அவரைச் சுருக்கி ‘ஹூக்கர்’ என்றும் கூப்பிடுவார்கள். ஊருக்குள் அந்தச் சொல்லுக்குப் பாலியல் தொழிலாளி என்று பொருள், எனவே வங்கியிலோ விசா அலுவலகத்திலோ மேலதிகாரியின் பதவியைக் கேட்டால் முழுச் சொல்லைச் சொல்லுங்கள். மேலே, இழுத்துவந்த தடிகள் சேரும் இடம் ‘லேண்டிங்’. அங்கே கட்டு அவிழ்ப்பவர் ‘சேஸர்’. வடத்தை இழுக்கும் பெரிய இயந்திரம் ‘யார்டர்’. பழைய ஆட்கள் ‘டாங்க்கி’ என்பார்கள், நீராவிக் காலத்துப் பெயர். மரம் வெட்டுகிறவர் ‘ஃபாலர்’, துண்டு போடுகிறவர் ‘பக்கர்’, வெட்டுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் ‘புல் பக்கர்’.

5. வடமும் நீங்கள் நிற்கும் இடமும்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். இந்தச் சொற்களை வெறும் பொருளோடு மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு சொல்லையும் கேட்டால் கால் எங்கே போக வேண்டும் என்பதோடு சேர்த்துப் பழகுங்கள்.

‘சோக்கர்’ என்பது தடியைச் சுருக்குப் போடும் எஃகு வடம். ஒரு முனையில் குமிழ், நடுவில் நகரும் ‘பெல்’. குமிழைத் தடிக்கு அடியில் நுழைத்து, சுற்றி எடுத்து, பெல்லில் மாட்டினால் சுருக்கு. இதுதான் நாள் முழுக்க உங்கள் வேலை. வடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இழைக்கு ‘ஜாகர்’ என்று பெயர். கையுறையையும் தாண்டிக் குத்தும்.

ஒரே இழுப்பில் மேலே போகும் தடிகள் மொத்தத்துக்கும் பெயர் ‘டர்ன்’. திரும்பு என்று யாரும் சொல்லவில்லை. ‘டர்ன் போகுது’ என்றால், தடிகள் கிளம்புகின்றன, ஒதுங்கு. தடி எந்தப் பக்கம் உருளும், எது நிமிர்ந்து சுழலும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. தரையில் புதைந்த இன்னொரு தடியின் முனை பிடித்து அதைச் சுழற்றிவிடும். அப்படி முனை நீட்டி நிற்கும் தடிக்கு ‘ஜில்போக்’ என்று பெயர். பார்த்தால் மற்றவர்களுக்குக் குரல் கொடுங்கள்.

‘இன் த க்ளியர்’ என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் சொற்றொடர். ‘ஆர் யூ இன் த க்ளியர்?’ என்று கேட்டால், ‘புரிந்ததா?’ என்று கேட்பதாக நினைத்து ‘யெஸ்’ சொல்லாதீர்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வி உங்கள் அறிவைப் பற்றியது அல்ல, நிற்கும் இடத்தைப் பற்றியது: ஓடும் வடமும் போகும் தடியும் எட்டாத இடத்தில் நிற்கிறாயா? டர்னுக்குப் பின்னால், பக்கவாட்டில், முடிந்தால் சரிவில் அதற்கு மேலே போய், நின்று, அதைப் பார்த்தபடி திரும்பிய பிறகுதான் ‘யெஸ்’. உங்கள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஸ்லிங்கர் சைகை கொடுப்பார்.

தடிகளை இழுத்துச் செல்வது ‘மெயின்லைன்’. கொக்கிகளைத் திரும்பக் கீழே கொண்டுவருவது ‘ஹால்பேக்’. சரிவின் அடியில் கட்டையில் கட்டிய கப்பி வழியாக அது சுற்றி ஓடும். ஹால்பேக் இரண்டு பக்கமாக ஓடுவதால், அது வளைந்திருக்கும் உள்பரப்பு முழுவதும் பைட் என்பதை நினைவில் வையுங்கள். மெல்லிய முன்வடம் ‘ஸ்ட்ரா லைன்’, கனமான வடங்களை இடம் மாற்ற முதலில் இதைத்தான் இழுத்துக்கட்டுவார்கள்.

அந்தக் கப்பிக்குப் பெயர் ‘ப்ளாக்’. வெட்டுவதற்கு ஒதுக்கிய காட்டுத் துண்டுக்கும் பெயர் ‘ப்ளாக்’. நம் ஆனைமலைப் பக்கம் ‘கூப்பு’ என்று சொல்கிறோமே, அதுதான் இரண்டாவது. ‘ப்ளாக்கைச் சுற்றிப் போ’ என்றால் எதைச் சுற்றி என்று கேட்டே ஆக வேண்டும். ஒன்று பத்தடி, மற்றொன்று இரண்டு கிலோமீட்டர்.

இதேபோல ‘ரோடு’. வண்டி போகும் சாலைக்கும் அதுதான் பெயர், வடம் ஓடும் தடத்துக்கும் அதுதான். ‘ரோடு சேஞ்ச்’ என்றால் வடங்களையும் கப்பிகளையும் அடுத்த தடத்துக்கு மாற்றும் வேலை. நாளில் மிகக் கடினமான வேலையும் அதுவே. பாரமான கப்பியைத் தோளில் சுமந்து ஏற வேண்டிவரும். வண்டியில் ஏறப் போகிறோம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

தடி எங்காவது சிக்கினால் ‘ஹேங்-அப்’. அவிழ்க்க நீங்களாக ஓடாதீர்கள். வடம் தளர்ந்து, ஸ்லிங்கர் போகச் சொன்ன பிறகு போங்கள். இதில் அவசரம் காட்டுகிறவர்தான் நல்ல வேலைக்காரர் என்று ஒரு நினைப்பு புதியவர்களுக்கு உண்டு. மூத்தவர்கள் அப்படி நினைப்பதில்லை, நான் பார்த்தவரை.

6. தலைக்கு மேலே இருப்பவை

‘விடோமேக்கர்’: உச்சியில் ஒடிந்து தொங்கும் கிளை அல்லது துண்டு. விதவையாக்குவது என்பதே பெயர், விளக்கம் வேண்டாம். ‘ஸ்நாக்’: நின்றபடியே செத்த மரம், அதிர்ந்தால் உச்சி உதிரும். ‘பார்பர் சேர்’: வெட்டும்போது அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாகம் நிமிர்ந்து எழுவது. பழைய முடிதிருத்தும் நாற்காலியின் முதுகுபோல நிற்கும், வெட்டுகிறவரை அடித்துவிடும். ‘ஸ்கூல்மார்ம்’: கவை விட்ட மரம். சோக்கர் போடும்போது இதில் சுருக்கு நழுவாது என்பதால் சிலர் விரும்பித் தேடுவார்கள்.

மரம் வெட்டும் இடத்துக்கு இரண்டு மர நீளத்துக்குள் போகக் கூடாது என்பது விதி. அந்த மரங்கள் நம் ஊர் மரங்களைப் போல இல்லை, ஐம்பது மீட்டர் சாதாரணம். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுங்கள்.

மரங்களின் பெயர்களிலும் வட்டாரப் பழக்கம் உண்டு. ‘ஃபர்’ என்றால் டக்ளஸ் ஃபர் மட்டும். உண்மையான ஃபர் வகைக்கு இங்கே ‘பால்சம்’. மஞ்சள் சீடாருக்கு ‘சைப்ரஸ்’. ஹெம்லாக்கும் பால்சமும் கலந்த கட்டு ‘ஹெம்பால்’. லேண்டிங்கில் பிரித்து அடுக்கச் சொன்னால் இது தேவைப்படும்.

7. விசிலும் சாலை ரேடியோவும்

ஸ்லிங்கரின் இடுப்பில் இருக்கும் சிறு கருவிக்கு ‘பக்’ என்று பெயர், பூச்சி அல்ல. அதை அழுத்தினால் மேலே யார்டரில் விசில் ஒலிக்கும். இயக்குபவர் அதைக் கேட்டு வடத்தை ஓட்டுவார். வடம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறுவிசில் என்றால் நிறுத்து. இதை உறக்கத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மற்றச் சைகைகள் அட்டவணையாக இருக்கும். முதல் நாளே அதைப் படம் எடுத்து, அறையில் ஒட்டி, மேசையைத் தட்டிப் பழகுங்கள். எனக்கு நான்கு இரவு ஆனது. அமெரிக்காவின் வாஷிங்டனிலோ ஆரகனிலோ வேலை பார்த்த நண்பர் சொல்லிக்கொடுப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அட்டவணை இடத்துக்கு இடம் மாறும். வொர்க்சேஃப்பிசி என்னும் மாகாணத் தொழிலாளர் பாதுகாப்பு, இழப்பீட்டு அமைப்பு வடம் இழுக்கும் வேலைக்கென்று படங்களோடு ஓர் இலவசக் கையேடு வைத்திருக்கிறது, இறக்கிப் படியுங்கள்.

வண்டி ஓட்டச் சொன்னால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. காட்டுச் சாலை ஒற்றைத் தடம், எதிரே தடி ஏற்றிய லாரி. ஆகவே சாலைத் தொடக்கத்தில் எழுதியிருக்கும் ரேடியோ அலைவரிசையில், கிலோமீட்டர் பலகை தோறும் சாலையின் பெயர், கிலோமீட்டர், திசை, வண்டி வகை என்று அறிவிக்க வேண்டும். திசைக்குச் சொல் ‘அப்’, ‘டவுன்’. இது மேடு பள்ளத்தைக் குறிக்காது. கிலோமீட்டர் எண் ஏறினால் அப், இறங்கினால் டவுன். இறக்கத்தில் ஓட்டிக்கொண்டே ‘அப்’ என்று சொல்ல வேண்டி வரும். மாற்றிச் சொன்னால், எதிரே வருபவர் நீங்கள் விலகிப் போகிறீர்கள் என்று நினைத்து வேகத்தைக் குறைக்க மாட்டார். சிலர் பழைய வழக்கப்படி ‘எம்ப்டி’, ‘லோடட்’ என்பார்கள்: காட்டுக்குள் போவது எம்ப்டி, வெளியே வருவது லோடட், வண்டியில் சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒதுங்கி நிற்கும் இடம் ‘புல்அவுட்’, பெரிய சாலை ‘மெயின்’, அதிலிருந்து பிரிவது ‘ஸ்பர்’.

8. காதில் விழும், வாயில் வரக் கூடாது

வடம் கட்டையைச் சுற்றி வளைந்து கிடப்பதைப் பழைய ஆட்கள் ‘சைவாஷ்’ என்பார்கள். இது அந்த மண்ணின் பழங்குடி மக்களை இழிவாகக் குறிக்கும் சொல். காட்டுமிராண்டி என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, சினூக் வணிகப் பேச்சு வழியாக வந்தது. உங்களோடு வேலை செய்பவர்களில் பலர் அந்த மக்களே. தொழில் சொல்தானே என்று கற்றுக்கொண்டு பேசாதீர்கள். லைன் கட்டையில் வளைந்திருக்கிறது என்பதை எளிய ஆங்கிலத்தில் சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

அதே சினூக் பேச்சிலிருந்து வந்த ‘ஸ்கூகம்’ நல்ல சொல், உறுதியானது என்று பொருள். ‘சால்ட்சக்’ என்றால் கடல். தாராளமாகப் பேசலாம்.

9. வேறு நாட்டுக்கு, வேறு மாகாணத்துக்கு மாறினால்

இவ்வளவும் கற்ற பிறகு நியூசிலாந்து போனால் மறுபடி தொடங்க வேண்டும். அங்கே சோக்கர்மேன் ‘ப்ரேக்கர்-அவுட்’, சோக்கர் ‘ஸ்ட்ராப்’, யார்டர் ‘ஹாலர்’, லேண்டிங் ‘ஸ்கிட்’. தரையில் சிதறிக் கிடக்கும் கிளைக்குப்பை இங்கே ‘ஸ்லாஷ்’, பிரிட்டனில் ‘ப்ராஷ்’. கிளை கழிப்பது இங்கே ‘லிம்பிங்’, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘ஸ்நெடிங்’. தடியைத் தரையில் இழுப்பது இங்கே ‘ஸ்கிட்’, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ‘ட்விட்ச்’, அப்பலாச்சியாவில் ‘ஸ்நேக்’, வட இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஸ்நிக்’. கவனியுங்கள், ‘ஸ்கிட்’ இங்கே இழுப்பது, நியூசிலாந்தில் இடம். அனுபவச் சான்று எழுதும்போது வேலைப் பெயரோடு என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் ‘சோக்கர்மேன்’ என்றால் வேறு நாட்டில் புரியாமல் போகலாம்.

10. புரியாதபோது என்ன சொல்வது

இரண்டு வாக்கியம் மட்டும் பழகுங்கள். ஒன்று, ‘ஸ்டாப், ஐ டோன்ட் நோ தட் வேர்ட்’. இரண்டு, ‘ஷோ மீ வேர் டு ஸ்டேண்ட்’. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்க நேரம் இருக்காது. எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால் எந்த மூத்தவரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார். புதிய தொழிலாளிக்கு வேலை தொடங்கும் முன் அந்த இடத்துக்கான பாதுகாப்பு விளக்கம் தர வேண்டியது நிறுவனத்தின் சட்டக் கடமை. ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் வேலையை மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு, அதற்காகத் தண்டிக்கக் கூடாது. எனக்கு அந்த விளக்கத்தை ஒருவர் க்ரம்மியிலேயே ஐந்து நிமிடத்தில் முடித்து, தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். அன்றே கேள்வி கேட்டிருக்க வேண்டும். நீங்கள் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடிபட்டால் அன்றே முதலுதவியாளரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள், சிறு காயமானாலும். வொர்க்சேஃப்பிசியிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

11. வேலை நிற்கும்போது சொல்லில் கவனம்

‘புல் த பின்’ என்றால் நானாக வேலையை விட்டேன். ‘டவுன் த ரோடு’ அனுப்பினார்கள் என்றால் வேலையை விட்டு நீக்கினார்கள். ‘ஷட்டவுன்’ என்றால் பருவத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றும் வேறு வேறு, பணக் கணக்கும் வேறு. நீங்களாக விட்டால் ஆறு நாளுக்குள், அவர்கள் வேலையை விட்டு நீக்கினால் 48 மணி நேரத்துக்குள் மீதிச் சம்பளம் வந்துவிட வேண்டும்.

ஷட்டவுனில் வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம் வரை வேலை செய்திருக்க வேண்டும். நிறுவனம் பதிவேற்றும் வேலைப் பதிவுத் தாளில் காரணக் குறி ஒன்று இருக்கும். வேலை இல்லாமல் நிறுத்தியதற்கு ‘ஏ’, தானாக விட்டதற்கு ‘இ’. என்னோடு இருந்த ஒரு பையன், தீ அபாயத்துக்காக நிறுத்திய அன்று, மற்றவர்கள் பேசிய தோரணையில் ‘ஐயாம் புல்லிங் த பின்’ என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தான். வீட்டுக்குப் போகிறேன் என்பதுதான் அவன் நினைத்த பொருள். தாளில் ‘இ’ விழுந்தது. திருத்தி வாங்க ஏழு வாரம் ஆனது, அதுவரை ஒரு காசு வரவில்லை. கடைசி வேலை நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். அதற்கு முன் சர்வீஸ் கனடா கணக்கில் நுழைந்து அந்தக் குறி ‘ஏ’ தானா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.